வெறும் ஏனத்தை மூடாதவள்

பிறத்தியார் வீட்டு நாற்றத்தை முகர்வதுதான் என் உத்தியோகம். யாராவது கேட்டால் மேனேஜர் என்று சொல்லிக்கொள்வேன். ஆரியசாலையில் ஒரு காலத்தில் வத்தலும் மல்லியும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்த குடோனை, முதலாளியின் மகன் ஷிபு தடுப்புச் சுவர் வைத்து அறை அறையாகப் பிரித்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷட்டர், எல்லாவற்றுக்கும் மஞ்சள் பெயின்ட், வாசலில் இங்கிலீஷில் ஒரு போர்டு. ஊர் மாறிப் போகிறவர்கள் வீட்டுச் சாமான்களை இதற்குள் போட்டுப் பூட்டிவிட்டு, மாத வாடகையைக் கட்டிக்கொண்டு, நிம்மதியாக எங்கே வேண்டுமானாலும் போகலாம். நாற்றம் மட்டும் என்னோடு இருக்கும்.

சீ, என்னென்ன கருமத்தையெல்லாம் பூட்டி வைக்கிறார்கள்! குழந்தை மூத்திரம் போய் மஞ்சள் படிந்த மெத்தை. செத்துப்போன மாமனார் எச்சில் துப்பின கோளாம்பி, அதுவும் கழுவாமல். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய மிக்ஸி, தலைமுடி சுற்றிய சீப்பு, ஒற்றைச் செருப்பு. எல்லாம் பெங்களூரில் பெரிய வேலை, துபாயில் பெரிய வேலை என்று கிளம்புகிறவர்கள்தான். தூக்கிப் போடவும் மனசில்லை, கூடக் கொண்டுபோகவும் வெட்கம். கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொல்லி வைத்துவிட்டுப் போனால் அப்புறம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நான் பாறசாலைப் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பத்துக்காரி, ராஜபாய் என்று பெயர். எங்கள் வீட்டில் தலையணை உறையைக்கூடச் சனிக்கிழமை தவறாமல் வெந்நீரில் அலசிப் போடுவோம். அப்பேர்ப்பட்டவளைக் கொண்டுவந்து கர்த்தர் இந்த மேஜையில் உட்கார வைத்திருக்கிறார்.

அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது பொன்செல்வியைப் பற்றி.

பொன்செல்விக்குப் பணகுடிப் பக்கம் ஊர். கல்யாணம் முடிந்த கையோடு ஆரியசாலைக்கு வந்தாள். புருஷன் அரிசி மண்டியில் மூட்டை நிறுக்கிறவன். நல்ல மனுஷன், ஆனால் ஆயுசு கெட்டியில்லை. கைக்குழந்தையோடு நின்றவளை ஊருக்கே வந்துவிடச் சொல்லி அண்ணன்மார் ஆள் அனுப்பினார்கள். "அங்கன வந்து ஒங்க பொண்டாட்டிமாருக்கு ஏனம் வெளக்கவா? அதுக்கு இங்கனயே இருந்து என் ஏனத்த நான் வெளக்கிக்கிடுதேன்" என்று வந்த ஆளிடமே சொல்லி அனுப்பிவிட்டாள். பாத்திரத்தை அவர்கள் பக்கம் ஏனம் என்றுதான் சொல்வார்கள். அடுத்த வாரமே குடியிருந்த வீட்டின் முன்னறையில் இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றினாள். கல்யாணச் சீரில் வந்த பித்தளைக் கொப்பரை அது. குனிந்து பார்த்தால் முகம் தெரியும், அப்படித் தேய்த்து வைத்திருப்பாள்.

நானும் வருஷக்கணக்காக அவள் கையால்தான் காலையில் தின்றேன். பழவங்காடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பிள்ளையார் கோயில் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு நடந்து வந்து, முதல் ஈடு இட்லி இறங்கும்போது போய் உட்காருவேன். அருவருப்பு விஷயத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அவள் என்னை மிஞ்சியவள். ஒரு நாள் நல்ல கூட்ட நேரத்தில் சாம்பார்ச் சட்டியில் ஒரு ஈ விழுந்துவிட்டது. சட்டியோடு தூக்கிக்கொண்டு போய் சாக்கடை ஓடையில் கவிழ்த்தாள். சுமடு தூக்குகிற பால்பாண்டி இலையில் இட்லியை வைத்துக்கொண்டு அலறினான்.

"எக்கா, ஒரே ஒரு ஈதான! எடுத்துத் தூரப் போட்டுட்டு ஊத்த வேண்டியதுதான?"

"ஈ விழுந்த சாம்பார என் பிள்ளைக்கு ஊத்துவனால? பெறவு ஒனக்கு மட்டும் எப்பிடில ஊத்துவேன்? பேசாம சட்னியத் தொட்டுத் தின்னு."

அந்த இட்லியில்தான் அவள் மகன் ரதீஷ் படித்தான். இன்ஜினீயரிங் முடித்தான், கொச்சியில் வேலை கிடைத்தது, காக்கநாட்டில் உயரமான ஒரு கட்டடத்தில் ஃபிளாட் வாங்கினான், ரெம்யா என்று கூட வேலை பார்க்கிற மலையாளத்துப் பெண்ணைக் கட்டினான். அம்மாவிடம் தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிப்பான். அதைக் குற்றம் சொல்ல மாட்டேன், மலையாளத்து ஊரில் வளர்கிற எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான்.

போன வருஷம் பொன்செல்வி இருந்த கட்டடத்தை யாரோ ஜவுளிக்கடை கட்ட வாங்கிவிட்டார்கள். எல்லோரும் காலி செய்ய வேண்டும். ரதீஷ் காரோடு வந்து நின்றான். அம்மா கொச்சிக்கு வந்துவிட வேண்டும், ஏனங்களை எல்லாம் ஆக்ரிக்காரனுக்குப் போட்டுவிட வேண்டும் என்றான். பழைய இரும்பு, தகரம் வாங்குகிறவனை இங்கே ஆக்ரிக்காரன் என்போம். பொன்செல்வி கொப்பரை மேல் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனத்த வித்துட்டு நான் வரமாட்டேன். ஒங்கூட வாரேன், இருந்து பாக்கேன். பிடிக்கலைன்னா திரும்பி வரணும்லா? ஏனம் இருந்தாத்தான் வந்து அடுப்பப் பத்தவைக்க முடியும். அதுவும் இல்லைன்னா நான் எதை நம்பித் திரும்பி வருவேன்?"

"அம்மா, எதுக்குத் திரும்பி வரணும்? பின்ன நான் எதுக்கு?"

"நீ இருக்க. நான் இல்லைன்னு சொன்னனா? ஏனமும் இருக்கட்டும்."

இரண்டு பேரும் விடுவதாக இல்லை. கடைசியில் எங்கள் குடோனில் ஓர் அறை எடுத்துப் போட்டு வைக்கலாமே என்று நான்தான் வழி சொன்னேன். ரதீஷின் முகம் தெளிந்துவிட்டது. ஆதார் கார்டு, போன் நம்பர் எல்லாம் தன்னுடையதைக் கொடுத்துத் தன் பெயரிலேயே அறையை எடுத்தான். கொஞ்ச நாள் போனால் அம்மா தானாக மறந்துவிடுவாள் என்று அவன் நினைப்பு. அப்போதே அது அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

அறை எடுக்கிறவர்களிடம் நான் கேட்கிற கேள்வியை அவளிடமும் கேட்டேன்.

"பிள்ளே, சாப்பாட்டுச் சாமான் ஒண்ணும் உள்ள வைக்கப்பிடாது. அரிசி, மாவு, கருவாடு எதும் இல்லல்லா? எலி கேறும், கேட்டியா."

"சத்தியமா இல்லக்கா. மிச்சம் கெடந்த அரிசியெல்லாம் அடுத்த வீட்டுக்காரிக்கு அளந்து குடுத்துட்டேன். நீ வேணும்னா அவகிட்ட கேளு."

அது உண்மைதான், அடுத்த வீட்டுக்காரி அரிசிப் பையோடு போவதை நானே பார்த்தேன். அண்டா, தவலை, போணி, கொப்பரை என்று எல்லா ஏனமும் வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டி வந்து இறங்கின. அவிழ்த்துக் காட்டு என்று நான் கேட்கவில்லை. ஈ விழுந்ததற்குச் சட்டியையே கவிழ்த்தவளிடம் போய் என்ன சோதனை? பொன்செல்வி ஷட்டரை இழுத்துப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, காரில் ஏறினாள்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை தோறும், நான் சபை முடிந்து வீட்டுக்கு வரும் நேரம் பார்த்து, போன் வரும்.

"எக்கா, என் ஏனமெல்லாம் சொகமா இருக்கா?"

"அதுகளுக்கு என்ன கேடு? ஒனக்கு எப்பிடி இருக்கு?"

"எனக்கென்ன. சோறு இருக்கு, ஏசி இருக்கு, லிஃப்ட் இருக்கு."

முதல் மாதம் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை குரல் இறங்கிவிட்டது. மகனுக்குப் பிடிக்குமே என்று சாளை மீன் வாங்கிப் பொரித்திருக்கிறாள். ரெம்யா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, ஒரு சென்ட் டப்பாவை எடுத்து வீடு முழுக்க அடித்திருக்கிறாள்.

"அவ ஒத்தச் சொல்லு சொல்ல மாட்டாக்கா. நல்ல பிள்ளதான். ஆனா நான் அடுப்படிய விட்டு வெளிய வந்த ஒடனே புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிப்பா. இப்பம் கடுகு தாளிச்சாலும் அடிக்கா. நேத்து நான் சும்மா சோபாவுல உக்காந்துட்டு எந்திரிச்சேன், அதுக்கும் அடிக்கா. மல்லியப்பூ வாசம். இப்பம் மல்லியப்பூவ நெனச்சாலே எனக்கு ஓங்கரிக்கி."

"ஒம்மவன் என்ன சொல்லுகான்?"

"அவன் என்ன சொல்லுவான்? போனப் பாத்துக்கிட்டு இருப்பான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு தெருவுக்கே வயிறு நிறைய வைத்தவளைக் கரப்பான் பூச்சிக்கு மருந்து அடிப்பதுபோல் அடிக்கிறார்களே! நாசமாய்ப் போகிற சென்ட்! "நீ கிளம்பி வந்துரு பிள்ளே" என்றேன். "மழை விடட்டும்க்கா, வந்துருதேன். அதான் ஏனம் இருக்குல்லா" என்றாள். அந்தப் பேச்சு அவளுக்கே தெம்பாக இருந்தது போல, அதற்கப்புறம் வாரா வாரம் அதையே சொன்னாள்.

வைகாசிப் பாதியில் தொடங்கிய இடவப்பாதி மழை விடுவதாக இல்லை. குடோன் சுவரெல்லாம் ஈரம் ஊறியது. ஒரு நாள் காலையில் மேஜையில் வந்து உட்கார்ந்தால் மூக்கைத் திறக்க முடியவில்லை. ஷிபு கர்ச்சீஃபை முகத்தில் கட்டிக்கொண்டு, "ராஜபாய் சேச்சி, எந்தொரு நாற்றம்!" என்று கத்திக்கொண்டே ஒவ்வொரு ஷட்டராக முகர்ந்து பார்த்தான். நானும் முகர்ந்தேன். பொன்செல்வியின் அறை முன்னால் வந்ததும் கால் நின்றுவிட்டது. ஷட்டரின் அடியில் இருந்த இடைவெளி வழியாக வெள்ளை வெள்ளையாகப் புழு நெளிந்து வெளியே வந்துகொண்டிருந்தது. பக்கத்து அறையில் ஒரு பேங்க் அதிகாரியின் சோபா செட் இருந்தது, எலி அதைக் கிழித்துப் பஞ்சைப் பரப்பியிருந்தது. ஷிபு உடனே அறை யார் பெயரில் இருக்கிறதோ அவனுக்குப் போன் போட்டான். கொஞ்ச நேரத்தில் ரதீஷ் என்னைக் கூப்பிட்டான்.

"ஆன்ட்டி, ஷிபு சார் விளிச்சார். ஒரு காரியம் செய்யுங்க. ஆக்ரிக்காரனைக் கூட்டிட்டு வந்து அது ஒக்க எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. ரூம் என் பேர்லதானே? பூட்டை உடைச்சிடுங்க, நான் மெசேஜ் அனுப்பறேன்."

"ஒங்கம்மைகிட்ட கேட்டியா?"

"அம்மாகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். மழைத் தண்ணி கேறி எல்லாம் நாசமாப் போச்சுன்னு பின்ன நான் சொல்லிக்கறேன். அந்த ஏனம் அங்க இருக்கிறவரைக்கும் அம்மைக்கு இங்க மனசு நிலைக்காது, ஆன்ட்டி."

தூ! புழுவைப் பார்த்தபோது வராத குமட்டல் இந்தப் பேச்சைக் கேட்டபோது வந்தது. அவள் திரும்பி வருவதற்கு என்று வைத்திருக்கும் ஒரே வழியை, அவளுக்குத் தெரியாமலே உடைத்து, பழைய இரும்போடு நிறுத்துப் போடச் சொல்கிறான். அதுவும் எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறான்! "செரி மக்கா" என்று போனை வைத்தேன். மறு நிமிஷமே பொன்செல்வியைக் கூப்பிட்டு, புழுவிலிருந்து ஆக்ரிக்காரன் வரை ஒன்று விடாமல் சொன்னேன். பிறகு ஷிபுவிடம் போய், நாளை மத்தியானம் வரை யாராவது அந்தப் பூட்டில் கை வைத்தால் நான் வேலையை விட்டுவிடுவேன் என்றேன். அவன் பயந்தது எனக்காக அல்ல. இந்த நாற்றத்தில் உட்கார வேறு ஆள் கிடைக்காது.

மறுநாள் காலை ரயிலில் பொன்செல்வி வந்து இறங்கினாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நேரே அந்த அறைக்குப் போனாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்து, பூட்டைத் திறந்து, ஷட்டரை மேலே தள்ளினாள்.

செத்த எலி நாற்றம் எல்லோருக்கும் தெரியும். இது அதோடு எலி மூத்திரமும், புளித்துப்போன கருப்பட்டியும், ஊசிய அரிசியும் சேர்ந்து வெக்கையில் வெந்த நாற்றம். கண்ணில் நீர் வந்துவிட்டது. வேடு கட்டிய துணியெல்லாம் கடித்துக் குதறிக் கிடந்தது. அவள் ஒவ்வொரு ஏனமாக வெளியே எடுத்து வைத்தாள். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் நூலாம்படை கட்டி, வண்டு ஊர்ந்து, கட்டியாகிப்போன அரிசி. அதோடு ஒட்டிக்கொண்டு எறும்பு மொய்த்த கருப்பட்டி.

"அடி பாவி! சாப்பாட்டுச் சாமான் ஒண்ணும் இல்லைன்னு சத்தியம் பண்ணினியே! இது என்ன எளவு?"

அவள் என்னை விழித்துப் பார்த்தாள்.

"இது சாப்பாட்டுச் சாமானாக்கா? ஏனத்துக்கு ஒரு பிடி அரிசி, ஒரு துண்டு கருப்பட்டி. வெறும் ஏனத்த மூடி வைக்கலாமா? வீட்ட ஒழிக்கும்போது ஏனம் வெறுமையாப் போனா திரும்பி அடுப்பேறாதுன்னு எங்க ஆளுக எல்லாம் இப்பிடித்தான வைப்போம். திரும்பி வரணும்னுதான வச்சேன்."

என்னத்தைச் சொல்ல? எங்கள் வீட்டிலும் இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். நான் கேட்ட கேள்வி அவள் காதில் வேறு ஏதோ மூட்டைகளைப் பற்றிய கேள்வியாக விழுந்திருக்கிறது. பொய் சொன்னதாக அவளுக்கு இப்போதும் தோன்றவில்லை.

கடைசியாகக் கொப்பரையை இழுத்தாள். உள்ளே ஒரு தாய் எலியும் குட்டிகளும். அரிசிக்காகக் குதித்தது, வழவழவென்ற பித்தளையில் ஏற முடியாமல் உள்ளேயே குட்டி போட்டு, உள்ளேயே செத்து, அடியோடு அழுகி ஒட்டியிருந்தது. அதன் மேல் புழு கொதித்துக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய் ஓடையில் வாந்தி எடுத்தேன். திரும்பிப் பார்த்தால் வாசலில் சுமட்டுக்காரர்கள் கூட்டம். பால்பாண்டிதான் முன்னால் நின்றான்.

"எய்யா! இந்தக் கொப்பரையிலயா நமக்கு இட்லி அவிச்சுப் போட்டா!"

அவன் தின்ற காலத்தில் எலி ஏது? ஆனால் கூட்டத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் எதற்கு? மத்தியானத்துக்குள் ஆரியசாலை முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. சில பேர் அவளைப் பார்த்ததும் மூக்கைப் பொத்தினார்கள். பொன்செல்வி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மாவைக் காணோம் என்று தேடி, விஷயம் புரிந்து, ரதீஷ் காரில் வந்து சேர்ந்தான். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. கர்ச்சீஃபுக்குள்ளிருந்து பேசினான்.

"அம்மா, மதி, போதும். கண்டில்லே? இனி இதுல யாரு திங்குவாங்க? சொல்லுங்க. நானே திங்க மாட்டேன். வண்டியில கேறுங்க."

பொன்செல்வி அவனையே பார்த்தாள்.

"பூட்ட ஒடைக்கச் சொன்னியால?"

அவன் கர்ச்சீஃபை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"நான் வச்ச ஒரு பிடி அரிசியால நாறிப் போச்சு. அது என் தப்புதான். ஆனா நீ எனக்குத் தெரியாம விக்கச் சொன்ன. நான் இதைக் கழுவுவேன். இங்கனயே ஒரு எடம் பிடிச்சி அடுப்பப் பத்தவைப்பேன்."

"ஆள் வரலைன்னா?"

"வரலைன்னா ஒங்கூட வாரேன். பெறவு ஏனம்னு வாயத் தொறக்க மாட்டேன்."

"கடை தொறக்கிற அன்னிக்கு நான் காரோட வருவேன். அன்னிக்கு ஆள் வரலைன்னா சாயங்காலம் கேறணும். வாக்கு மாறக்கூடாது."

"மாற மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகினாள்.

அவளுக்கு அருவருப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. சிரட்டைத் துண்டால் ஒரு சுரண்டு சுரண்டுவாள், ஓரமாகப் போய் ஓங்கரிப்பாள், வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவாள். குடோன் குழாயடியில் பொழுது சாயும் வரை இதே வேலை. சாம்பல், புளி, கொதிக்கக் கொதிக்க வெந்நீர். மழை வேறு நனைத்தது. முடித்த பிறகும் கொப்பரையை ஈயம் பூசுகிறவரிடம் தூக்கிக்கொண்டு போய், நெருப்பில் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி, புதிதாக ஈயம் ஏற்றி வாங்கினாள். அப்பாடா, இனி அதில் ஒரு தூசி இல்லை என்று எனக்கு அறிவு சொன்னது. வயிறு கேட்கவில்லை. கொப்பரையைப் பார்த்தாலே அந்தப் புழு கண்ணில் வந்து நின்றது.

சந்து முனையில் பூட்டிக் கிடந்த ஒரு டீக்கடையைப் பேசி எடுத்து, அதிலேயே பாயை விரித்துப் படுத்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். கடை திறக்கிற அன்று நான் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போதே சாம்பார் வாசம் தெரு வரைக்கும் வந்தது. பழைய கைமணம் அப்படியே இருந்தது. ஆனால் கடையில் ஒரு ஈ காக்கை இல்லை. பால்பாண்டியும் கூட்டாளிகளும் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்று வேறெங்கோ வாங்கிய டீயை உறிஞ்சிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். மண்டிப் பையன்கள் கடைப்பக்கம் வந்ததும் நடையை வேகமாக்கினார்கள். கொஞ்சம் தள்ளி ரதீஷின் கார். கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். பொன்செல்வி முதல் ஈட்டை இறக்கி, ஆறவிட்டு, ஈரத்துணியால் மூடி, அடுத்த ஈட்டை ஏற்றிவிட்டாள். மூடின இட்லி மூடினபடியே இருந்தது.

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அன்று பக்கத்தில் நின்று கொப்பரைக்குள் எட்டிப் பார்த்தவள் நான். ஓடையில் வாந்தி எடுத்தவள் நான். அருவருப்புக்காரி என்று பெயர் எடுத்தவளும் நான். நான் திரும்பிப் போனால் இந்தத் தெருவில் ஒருத்தனும் உள்ளே கால் வைக்க மாட்டான், சாயங்காலம் அவள் காரில் ஏறியாக வேண்டும். கர்த்தரே, யாரையெல்லாமோ விட்டுவிட்டு என்னைப் பிடித்தீரே!

உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். பொன்செல்வி இலையைப் போட்டாள். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எக்கா, ஒனக்கு வேண்டாம்னா வேண்டாம். நீ கண்ணால பாத்தவ. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"சவத்துப் பேச்சு பேசாம வை பிள்ளே."

வெள்ளையாக, பூப்போல நான்கு இட்லி. ஆவி பறந்தது. பிட்டேன். சாம்பாரில் தோய்த்தேன். வாயில் வைத்தேன். நாக்கு வெளியே தள்ளியது. கண்ணை மூடினால் புழு, திறந்தால் கொப்பரை. எதிர்ச் சுவரில் டீ உறிஞ்சுகிற சத்தம் நின்றுவிட்டது. மென்றேன். விழுங்கினேன். அது கீழே போவது ஒவ்வொரு அங்குலமும் தெரிந்தது. இன்னொரு வாய். இன்னொரு வாய். நான்கையும் தின்று முடித்தேன். பிறகு தெருவுக்கே கேட்கிறபடி குரலை உயர்த்தினேன்.

"என்ன பிள்ளே, சாம்பார்ல உப்பு கொறவு! கொச்சிக்குப் போய் கை மறந்து போச்சா? சட்னிய ஊத்து. இன்னும் ரெண்டு வை."

"எக்கா, உப்பு செரியாத்தான் போட்டேன். ஒனக்கு நாக்கு செத்துப் போச்சு!" என்று அவளும் சத்தமாகவே திருப்பிச் சொன்னாள்.

எதிரே யாரோ சிரித்தார்கள். பால்பாண்டி டீக் கிளாஸைச் சுவர் மேல் வைத்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு தெருவைத் தாண்டி வந்தான். "எக்கா, எனக்கு ஒரு அஞ்சு வை. உப்பு கொறவான்னு நான் பாத்துச் சொல்லுதேன்." அவன் பின்னால் இரண்டு பேர். பிறகு மண்டிப் பையன்கள். இலை போட அவளுக்குக் கை போதவில்லை. நான் எழுந்து கை கழுவும்போது உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டு தின்றார்கள். காரின் கண்ணாடி இறங்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ரதீஷ் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். அவள் நிமிர்ந்து பார்த்தாள், உடனே சட்னிக்குக் கூப்பிட்டவன் பக்கம் திரும்பிவிட்டாள்.

நான் நிமிர்ந்த தலையோடு தெருவைத் தாண்டி, குடோனுக்குள் போய், கடைசி ஷட்டருக்குப் பின்னால் யாரும் பார்க்காத மூலையில் நின்று, தின்றது அத்தனையையும் கக்கினேன். குடலே வெளியே வந்துவிடும் போல இருந்தது. குழாயில் வாயைக் கொப்பளித்து, முகத்தைத் துடைத்து, மேஜையில் வந்து உட்கார்ந்துகொண்டேன். மறுநாள் காலையும் போனேன். அன்றும் தின்றது வயிற்றில் நிற்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் போய் அதே பெஞ்சில், எல்லோரும் பார்க்க உட்கார்ந்து தின்றேன். அன்று நின்றது.